பச்சோந்திக்கு ஒரு கொசுவலை

தலையில் தண்ணீர் வாளியும் தோளில் பச்சோந்தியுமாகத் தவோங்கா அடிகுழாயிலிருந்து திரும்பி வந்தாள். அவளோடு தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் பாதி வழியிலேயே வாளிகளைப் போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு லினெசி மட்டும், ஓடவும் மனமில்லாமல் கிட்ட வரவும் துணிவில்லாமல், சோளக்கொல்லை ஓரமாக நின்றுகொண்டு தோளைப் பார், தோளைப் பார் என்று கத்திக்கொண்டிருந்தாள். தவோங்கா தோளைப் பார்க்கவில்லை. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். அவள்தான் அதை மரத்திலிருந்து எடுத்து வைத்திருந்தாள்.

எங்கள் எம்சிம்பா மாவட்டத்தில் பச்சோந்தியை யாரும் தொட மாட்டார்கள். பாம்பைக்கூட ஒருவன் கம்பில் தூக்கி வேலிக்கு அப்பால் போடுவான். பச்சோந்தி என்றால் அவனும் நாலடி தள்ளி நிற்பான். எல்லோருக்கும் தெரிந்த பழைய வழக்கு அது. செத்தாலும் மனிதர்கள் திரும்பி எழுந்து வருவார்கள் என்ற சேதியைக் கடவுள் பச்சோந்தியிடம்தான் கொடுத்து அனுப்பினாராம். அது ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி, யோசித்து வைத்து, வழியில் கண்ட ஈயைப் பிடித்துத் தின்று வந்து சேர்வதற்குள், செத்தவர் செத்தவர்தான் என்ற வேறொரு சேதியோடு பல்லி முந்திக்கொண்டதாம். அதனால் பச்சோந்தியைக் கண்டால் குச்சியால் வாயைப் பிளந்து ஒரு சிட்டிகை மூக்குப்பொடி வைப்பது எங்கள் பெரியவர்கள் வகுத்த தண்டனை. அது கருத்துப்போய், நுரை தள்ளிச் சாகும். இதில் என்ன நியாயம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

சுஸ்கோ முற்றத்தில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தான். அவன் தவோங்காவின் கணவன். கொஞ்சம் புகையிலையும் கொஞ்சம் சோளமும் போடுகிறவன், ஊரிலேயே மெதுவாக நடக்கிறவன் என்று பெயர் வாங்கியவன். அவன் தூரத்தில் வருவதைப் பார்த்த பிறகு அடுப்பு மூட்டினால் போதும், களி கிண்டி இறக்குவதற்கும் அவன் வாசல் ஏறுவதற்கும் சரியாக இருக்கும் என்பாள் அவனுடைய அக்கா எஸ்னாத். அப்பேர்ப்பட்ட ஆள் அன்றைக்கு மண்வெட்டியைக் கால்மேல் போட்டுக்கொண்டு துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

எஸ்னாத் அடுத்த வீட்டில் இருக்கிறாள். கணவன் செத்தபின் பிறந்த ஊருக்கே வந்துவிட்டவள். இடுப்புத் துணி முடிச்சில் மூக்குப்பொடி டப்பி இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. சத்தம் கேட்டு வந்தவள், தம்பி மனைவியின் தோளைப் பார்த்ததும் முடிச்சை அவிழ்த்தாள்.

"கொஞ்சம் குனிஞ்சு நில்லும்மா. நான் பார்த்துக்கறேன்."

தவோங்கா குனியவில்லை. வாளியை இறக்கி வைத்தாள். தோளிலிருந்த பிராணி பச்சைக் கையை நிதானமாக நீட்டி அவள் காது மடலைப் பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த எஸ்னாத்துக்குத்தான் உடம்பு கூசியது. தவோங்கா அதைப் புறங்கையில் ஏற்றிக்கொண்டு நேராகக் கணவனைப் பார்த்தாள்.

"இது என்னங்க திங்கும்?"

சுஸ்கோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சோந்தியைப் பார்த்த அதிர்ச்சியைவிட அந்தக் கேள்வி தந்த அதிர்ச்சி பெரிது. பிப்ரவரி மாதம் மகள் தெம்வாவைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து தவோங்கா அவனிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஊமையாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. களி ஆச்சு என்பாள், உப்புத் தீர்ந்துபோச்சு என்பாள், மழை வருது என்பாள். சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டாள், எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்க மாட்டாள். நாள் பூராவும் அவன் வீட்டுக்கு வராமல் இருந்து பார்த்தான். அதற்கும் கேள்வி வரவில்லை. கேள்வியே இல்லாத வீட்டில் குடியிருப்பது எப்படி என்று இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். இப்போது டிசம்பர். முதல் மழையோடு முதல் கேள்வியும் வந்துவிட்டது, பச்சோந்திக்குச் சாப்பாடு எது என்று.

"கேட்டுச் சொல்றேன்" என்றான். அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

எஸ்னாத் டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த வீட்டில் பைத்தியம் ஒருவருக்குத்தான் என்று இத்தனை மாதம் நினைத்திருந்ததாக ஊர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே வீடு கட்டும் வேலை ஆரம்பித்தது. முதலில் ஒரு பெயிண்ட் டப்பா. சுஸ்கோ ஆணியால் ஓட்டை போட்டு, அடியில் புல் பரப்பி, குடியிருப்பவருக்குத் தாகம் எடுக்குமே என்று கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தான். மதியத்துக்குள் டப்பா வெயிலில் அடுப்பாகக் காய்ந்துவிட்டது. உள்ளே பிராணி வெளிறிப்போய் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. அடுத்தது கோழிக் கூடை. அதன் சந்து வழியாக அது சாவகாசமாக வெளியே வந்து, சுவரேறி, ஆணியில் மாட்டியிருந்த சுஸ்கோவின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. கோட்டை எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஞாயிறு தேவாலயத்துக்கு வெறும் சட்டையோடு போனான், போன இடத்தில் எல்லோரும் அவனுக்கு ஒரு பெஞ்சு தள்ளியே உட்கார்ந்தார்கள்.

அவனுடைய சித்தப்பா மகன் கும்போ முசூசு நகரத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். உலகத்தில் உள்ளதெல்லாம் அவன் போனில் இருக்கும் என்று நம்பி சுஸ்கோ அவனைக் கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டதும் கும்போ பதறினான்.

"அண்ணே, வீட்டுக்குள்ளயா வச்சிருக்கீங்க? அண்ணி அதைத் தொட்டாங்களா?"

"தொட்டா. நீ என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு."

கும்போ படித்தான், படிக்கப் படிக்க அவனுக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. குளிர் நாட்டு வெள்ளைக்காரர்கள் இதைக் காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறார்களாம். வெயிலுக்குப் பதிலாகத் தலைக்கு மேலே பல்பு எரிய விடுகிறார்களாம், மழைக்குப் பதிலாக மெஷின் வைத்துத் தண்ணீர் தூவுகிறார்களாம். நமக்கு வெயிலும் மழையும் சும்மா கிடைக்கிறது, அந்தக் கவலை இல்லை என்றான். காற்றாட வலை அடித்த கூண்டு வேண்டும், உயரமாக இருக்க வேண்டும், உள்ளே நிஜச் செடி வைத்து மெல்லிய கிளைகள் குறுக்கே போட வேண்டும், காலை வெயில் விழ வேண்டும், சுட்டால் ஒதுங்க நிழலும் வேண்டும். எடுத்து எடுத்துக் கொஞ்சக் கூடாது, அதற்குப் பிடிக்காது. கிண்ணத்தில் இருப்பது தண்ணீர் என்றே அதற்குத் தெரியாது, இலையில் சொட்டுச் சொட்டாக நின்றால்தான் நக்கிக் குடிக்கும்.

கிண்ணத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பிராணி தாகத்தோடு இருந்திருக்கிறது என்பதை நினைத்து சுஸ்கோவுக்குச் சங்கடமாகிவிட்டது. அதைவிடப் பெரிய கேள்வி வலை. வலைக்கு எங்கே போவது என்று அவன் வாய்விட்டுச் சொன்னபோது தவோங்கா உள்ளே போனாள். தகரப் பெட்டியின் அடியிலிருந்து தெம்வாவின் கொசுவலையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வலை பெட்டிக்குள் போன நாளிலிருந்து அவன் அந்தப் பெட்டியைத் திறந்ததில்லை. சுகாதாரக்காரர்கள் கொடுத்த நீல வலை அது. ஒரு மூலையில் தெம்வா விரல் விட்டு விட்டுப் பெரிதாக்கிய ஓட்டைகூட அப்படியே இருந்தது. தவோங்கா அந்த ஓட்டையைத் தைக்கவில்லை, அந்த மூலையைத் தனியாகக் கத்தரித்துப் பெட்டியிலேயே திரும்ப வைத்தாள். மீதியை, கொசு மருந்து வாடை போகட்டும் என்று சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவிட்டாள்.

விஷயம் தெரிந்து எஸ்னாத் ஓடி வந்தாள். கோபப்படத்தான் வந்தாள், கொடியில் தொங்கிய நீல வலையைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. பிள்ளையைக் காப்பாற்றக் கொடுத்த வலைக்குள் சாவைக் கொண்டுவந்த பிராணியையா வைக்கப் போகிறாய், உனக்கு மனசு எப்படி வந்தது என்று கேட்டாள்.

"வலை சும்மாத்தானே கிடக்கு, மதினி."

இதைச் சொல்லிவிட்டுத் தவோங்கா மூங்கில் பிளக்கப் போய்விட்டாள். புருஷனும் மனைவியும் சேர்ந்து, ஆள் உயரத்துக்கு மூங்கில் சட்டம் கட்டி, வலையைச் சுற்றித் தைத்து, உள்ளே ஒரு தொட்டிச் செம்பருத்தியை வைத்தார்கள். கொய்யாக் கிளைகளைக் குறுக்கே கட்டினார்கள். தைத்துக்கொண்டிருக்கும்போது கதவை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று அவள் கேட்டாள். கிழக்கே என்றான். கட்டியானதும் தவோங்கா விளக்குமாற்றுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்துச் செம்பருத்தி இலைகள்மேல் உதறினாள். பச்சோந்தி ஒரு கண்ணால் அவளையும் மறு கண்ணால் சொட்டையும் பார்த்தது. பிறகு இலையில் வாய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வெகு நேரம் குடித்தது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு ஊர் சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டும். பூச்சி உயிரோடு இருக்க வேண்டும், தினமும் ஒரே பூச்சி கூடாது, எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று கும்போ சொல்லியிருந்தான். அதனால் சுஸ்கோ முட்டை ஓட்டைக் காயவைத்து, உரலில் இடித்து, சலித்து, அந்த மாவில் வெட்டுக்கிளிகளைப் போட்டுக் குலுக்கிக் கொடுத்தான். சுஸ்கோ வீட்டில் வெட்டுக்கிளிகூட மாவு பூசிக்கொண்டு போகிறது, வீட்டுக்காரன் பூசணி இலையைத் தொட்டுக்கொண்டு வெறும் களி தின்கிறான் என்றாள் லினெசி. தேவாலயத்து மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார், கண்ணை மூடாமல் கூண்டைப் பார்த்துக்கொண்டே செய்தார். நீளமான நாக்கு ஒன்று சட்டென்று பாய்ந்து வெட்டுக்கிளியோடு திரும்பியபோது ஆமென் பாதியில் நின்றுவிட்டது.

சுஸ்கோவுக்கு எந்தச் சிரிப்பும் உறைக்கவில்லை. அவனுக்குத் தினமும் கேள்விகள் கிடைத்துக்கொண்டிருந்தன. ஏன் இன்னைக்கு நிறம் வெளிறி இருக்கு? மழையில வெளியே வைக்கலாமா? வண்டு திங்குமா? பசித்தவன் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல அவன் ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருந்தான். கேள்விகள் எல்லாம் பச்சோந்தியைப் பற்றித்தான், அவனைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்தாலும் என்ன, வாய் திறந்துவிட்டது, ஒரு நாள் தன் பக்கமும் திரும்பும் என்று இருந்தான். இந்தப் பிராணி உயிரோடு இருக்கும்வரைதான் அவள் பேச்சும் என்பது அவனுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

அதனால்தான் எஸ்னாத் ஒரு நாள் கூண்டின் கதவில் கை வைத்தபோது அவன் முதல் முறையாக அக்காவை எதிர்த்துப் பேசினான். அடுத்த மாதம் பிள்ளை போய் ஒரு வருஷம், அதற்குள் இந்தச் சனியனுக்குரியதைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் டப்பியைத் திறந்திருந்தாள். சுஸ்கோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் உசிரோட இருக்கற வரைக்கும் ஒரு துளி பொகையிலை இதோட வாயில படாது. சொல்லிட்டேன்."

சொன்னது அக்காவிடம், பார்த்தது மனைவியை. அன்றைக்குச் சாயங்காலம் அவன் தட்டில் காய்ந்த மீன் ஒன்று கூடுதலாக இருந்தது.

கூண்டின் எதிரே உட்கார்ந்திருக்கும்போது ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிக்காது. அதன் நடை. காலைத் தூக்கும், ஆடும், வைக்கலாமா வேண்டாமா என்று நிற்கும். தவோங்கா அந்த நடையைத்தான் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாள். சுஸ்கோ எழுந்து வெளியே போய்விடுவான்.

போன பிப்ரவரியில் லினெசிதான் புகையிலை காயவைக்கும் கொட்டகைக்கு வந்து சொன்னாள். தெம்வாவுக்கு உடம்பு கொதிக்கிறது, கை கால் வெட்டி இழுக்கிறது, தவோங்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னாள் என்றாள். சுஸ்கோ பறித்த புகையிலையைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தான். பச்சை இலை குவியலில் கிடந்தால் வெந்துபோகும், மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதுதானே என்று நினைத்தான். இதோ வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, குவியலைக் கோத்து முடித்து, கொட்டகையில் தொங்கவிட்டு, கை கழுவிக்கொண்டு கிளம்பினான். சைக்கிளில் தாயையும் மகளையும் உட்காரவைத்து மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது வழியிலேயே தெம்வா அடங்கிவிட்டாள். கடவுள் சித்தம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் சொன்னான். அந்தச் சைக்கிள் அன்றிலிருந்து கூரையில் கட்டித் தொங்குகிறது.

ஜனவரியில் மழை விடாமல் அடித்தது. வெட்டுக்கிளி கண்ணில் படவில்லை, வண்டும் குறைந்துபோனது. கும்போவைக் கேட்டால், மெத்தென்ற புழு கிடைத்தால் கொடுங்கள் அண்ணே, அதற்கு ரொம்பப் பிடிக்குமாம் என்றான். புழுவுக்கா பஞ்சம்? ஓடைக்கு அப்பால் சுஸ்கோவின் புகையிலை முழங்காலுக்கு மேல் வளர்ந்து நின்றது, இலைக்கு ஒன்றாகக் கொழுத்த பச்சைப் புழுக்கள் இருந்தன. ஒவ்வொரு வருஷமும் நசுக்கிப் போட்டவற்றை இந்த வருஷம் தகர டப்பாவில் சேர்த்தான். தோட்டத்துக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது என்று தன் புத்தியை நினைத்துத் தானே சந்தோஷப்பட்டுக்கொண்டான்.

முதல் நாள் அது இரண்டு தின்றது. சாயங்காலம் நிறம் கருத்து, கிளையின் அடியில் இறங்கி, வெளிச்சம் இருக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டது. ஏன் இப்படி இருக்கிறது என்று தவோங்கா கேட்டாள். அவளுடைய கேள்விகளில் இதுதான் அவனைப் பயமுறுத்தியது. கும்போ படித்துப் பார்த்துவிட்டு, சரியாகச் சாப்பிடாமல் பலவீனமாக இருக்கும், இன்னும் கொஞ்சம் கூடக் கொடுத்துப் பாருங்கள் என்றான். அவன் போனில் பச்சோந்தி வளர்த்தவர்கள் யாருக்கும் புகையிலைத் தோட்டம் இருந்ததில்லை.

மறுநாள் காலை சுஸ்கோ டப்பா நிறையப் புழுக்களைத் தவோங்காவிடம் கொடுத்து, வெயில் ஏறி அதற்கு உடம்பு சூடானதும் கொடு என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனான். களை எடுத்துக்கொண்டே அடுத்த நாளுக்கும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தான். எஸ்னாத் அந்த வழியாக விறகுக்குப் போனவள், தம்பி புழுவைப் பக்குவமாக எடுத்து டப்பாவில் விடுவதைப் பார்த்து நின்றாள்.

"என்னடா இது, புழுவுக்குச் சீராட்டு?"

"அதுக்குத்தான் அக்கா. நேத்து ரெண்டு தின்னுச்சு."

எஸ்னாத் அவன் கையிலிருந்த புழுவைப் பார்த்தாள். அது கடித்து வைத்திருந்த இலையைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தலையிலிருந்த கயிற்றுச் சுருள் கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இந்தப் புழு பொறந்ததிலேருந்து எதைத் தின்னுச்சு, சொல்லு."

"பொகையிலையை..." என்று ஆரம்பித்தவன் கையிலிருந்த புழுவை உதறினான்.

"எங்கிட்ட ஒரு சிட்டிகைதான்டா இருந்துச்சு" என்றாள் எஸ்னாத், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ தோட்டத்தையே அள்ளி அது வாயில வச்சிட்டியே."

டப்பா அவன் கையிலிருந்து விழுந்தது. நேற்றைய கருப்பும், மூடிய கண்ணும், இன்று காலை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்த டப்பாவும் ஒன்றாகச் சேர்ந்து அவனை அறைந்தன. அண்ணாந்து பார்த்தான். வெயில் ஏறியிருந்தது.

சுஸ்கோ ஓடினான். செருப்பு முதல் வரப்பிலேயே சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினான். ஓடையைச் சுற்றிப் பாலத்தின் வழியாகப் போகாமல் இடுப்புத் தண்ணீரில் இறங்கி ஏறினான். வெட்டிய நாணல் கட்டைகள் உள்ளங்காலைக் கிழித்தன. அடிகுழாயில் நின்ற பெண்கள் அப்படியே வாயைப் பிளந்தார்கள். சுஸ்கோ ஓடுவதை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை, அவன் கல்யாணத்தன்றுகூட நடந்துதான் வந்தான். யாருக்கு என்ன ஆச்சு என்று லினெசி கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை.

முற்றத்தில் தவோங்கா கூண்டின் கதவைத் திறந்து, ஒரு குச்சி நுனியில் புழுவை ஏற்றி நீட்டிக்கொண்டிருந்தாள். முதல் புழு ஏற்கெனவே அதன் வாயில் பாதி தொங்கியது. குடுக்காதே என்று அவன் கத்திய கத்தலில் கோழிகள் சிதறின. டப்பாவைத் தட்டிவிட்டான். அவள் மிரண்டுபோய்ப் பின்வாங்கினாள்.

"பொகையிலைப் புழு" என்றான், மூச்சு வரவில்லை. "அதோட வயித்துல இருக்கறது பூரா பொகையிலை. நான்தான். நான்தான் குடுத்தேன்."

அவள் பச்சோந்தியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது கோபத்தில் வாயைப் பிளந்து சீறியது, உடம்பு கரிபோலக் கருத்திருந்தது. சுஸ்கோ ஒரு மெல்லிய குச்சியை அதன் வாய்க்கு நடுவே கொடுத்துப் பிடித்துக்கொண்டான். பயமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. தவோங்கா மென்றும் மெல்லாமலும் இருந்த புழுவை வெளியே எடுத்தாள், தலையைக் கீழே சாய்த்து, துணி நுனியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். எங்கள் ஊரில் பச்சோந்தியின் வாயைக் குச்சியால் பிளந்தவர்கள் எத்தனையோ பேர். உள்ளே தண்ணீர் விட்டவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

அதைச் செம்பருத்தி நிழலில் விட்டுவிட்டு இருவரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வெகு நேரம் அது அசையவில்லை. செத்துவிட்டது என்று சுஸ்கோ மனதுக்குள் முடிவு கட்டிவிட்டான், அதோடு இந்த வீட்டில் இருந்த பேச்சும் போயிற்று என்று நினைத்தான். வெயில் சாயும்போது அதன் ஒரு கண் திறந்து, மெல்லச் சுழன்று, அவனைப் பார்த்தது. பிறகு ஒரு கை நீண்டு மேல் கிளையைப் பிடித்தது. கருப்பின் ஊடே கழுத்தோரம் கொஞ்சம் பச்சை தெரிந்தது. அவனுக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

தவோங்கா எழுந்து போய் ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அப்போதுதான் அவன் தன் கால்களைப் பார்த்தான். சேறும் ரத்தமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அவள் வலது காலை எடுத்துத் தண்ணீரில் வைத்துக் கழுவ ஆரம்பித்தாள். அக்காவிடம் அடித்த சவடாலுக்கும், உடைந்த வாக்குக்கும் திட்டு விழும் என்று அவன் காத்திருந்தான்.

"உங்களுக்கு இப்படி ஓட வருமா?"

அவள் குரலில் கோபம் இல்லை. அந்தக் கேள்வி அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, பச்சோந்தியைப் பற்றி இல்லாமல் தன்னைப் பற்றி வந்த முதல் கேள்வி. வரும்போல இருக்கிறது என்று சிரிக்கப் பார்த்தான். அவள் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு லினெசி வந்து சொன்னப்போ என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

சிரிப்பு அவன் முகத்திலேயே செத்தது. இத்தனை மாதம் எந்தக் கேள்விக்காகத் தவம் கிடந்தானோ அது இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் கணுக்காலைப் பிடித்திருந்தாள்.

"இலை கோத்துக்கிட்டு இருந்தேன்."

"கோத்து முடிச்சிட்டா வந்தீங்க?"

கூண்டுக்குள் அது ஒரு காலைத் தூக்கி, ஆடி, வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. இந்த முறை சுஸ்கோ எழுந்து போகவில்லை.

"ஆமா. முடிச்சிட்டு, தொங்கவிட்டுட்டு, கை கழுவிட்டு வந்தேன்."

தவோங்கா தலையை ஆட்டினாள். பேசினில் தண்ணீர் சிவந்திருந்தது.

"லினெசி அன்னைக்கே சொல்லிட்டா. நீங்க சொல்வீங்கன்னுதான் இருந்தேன்."

அவள் கழுவிய காலைத் துணியில் துடைத்துத் தரையில் வைத்தாள், அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிக்கொண்டு வந்து மறுபடியும் அவன் எதிரே உட்கார்ந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளாமல் கையை நீட்டினாள்.

"அந்தக் காலையும் வைங்க."